சி டிரைவ் சிவந்து போச்சா? எரர் ஃபைல்களை அழிக்கலாம்... ஆனா எல்லா டிக்கையும் போட்டுடாதீங்க!

வத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானல் ஏறுற வழியில பெருமாள்மலை வரும். அங்க ரெண்டே ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்துற நண்பன் ஒருத்தன் எனக்கு உண்டு. சீசன்ல நாம கூப்பிட்டா எடுக்க மாட்டான். மழைக்காலத்துல அவனே கூப்பிடுவான். போன மழைக்காலத்துல கூப்பிட்டப்போ குரலே சரியில்லை.

"மச்சான், லேப்டாப்ல இடம் பண்ணலாம்னு உட்கார்ந்தேன். பாட்டி வீடியோ போயிடுச்சுடா."

அவன்கிட்ட இருக்கிறது 128 ஜிபி எஸ்.எஸ்.டி போட்ட செகண்ட் ஹேண்ட் லேப்டாப். 128னு பேருதான், விண்டோஸ்ல பார்த்தா 119 சொச்சம்தான் காட்டும். ஃபோன் நிறைஞ்சா வீடியோவை எல்லாம் கேபிள் போட்டு லேப்டாப்புக்கு மாத்திட்டு, ஃபோன்ல அழிச்சிடுவான். நீங்களும் அப்படித்தானே? அவன் மாத்தினது எல்லாம் போய் உட்கார்ந்த இடம் டவுன்லோட்ஸ் ஃபோல்டர். பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயில் தேர் அன்னிக்கு, கூட்டத்துக்கு நடுவுல நின்னு அவன் பாட்டி வடத்தைத் தொட்டுக் கும்பிட்ட வீடியோவும் அதுக்குள்ளதான் இருந்தது. அடுத்த வருஷத் தேருக்குப் பாட்டி இல்லை.

சி டிரைவ் சிவப்பாகி, ஒரு ஜிபிகூட மிச்சம் இல்லாம, அப்டேட் ஏற மாட்டேன்னு அடம்பிடிச்சிருக்கு. யாரோ சொல்லியிருக்காங்க: "சிஸ்டம் எரர் மெமரி டம்ப் ஃபைல்ஸ்னு ஒண்ணு இருக்கும், அது வெறும் குப்பை, தைரியமா அழி." சொன்னது தப்பே இல்லை. ஆனா அவன் அந்தப் பட்டியலைத் திறந்து, இதுவும் குப்பை, அதுவும் குப்பைன்னு மேல இருந்து கீழ வரைக்கும் டிக் போட்டுக்கிட்டே போயிட்டான். எரர் ஃபைல்களால கிடைச்ச இடம் மூணு ஜிபி சொச்சம். டவுன்லோட்ஸால கிடைச்சது இருபதுக்கு மேல.

அதனால, எதை அழிக்கலாம், எதை இப்போதைக்கு விட்டு வைக்கணும், எதைத் தொடவே கூடாதுன்னு கொஞ்சம் விளக்கமாவே பார்த்துடலாம்.

எரர் ஃபைல்னா என்ன?

விண்டோஸ் ஓடிக்கிட்டு இருக்கும்போது, இனிமேல் ஓடினா டேட்டா கெட்டுப்போகும்னு அதுக்கே தெரிஞ்சா, தானாகவே எல்லாத்தையும் நிறுத்திடும். அதுதான் நாம பயப்படுற நீலத் திரை. 2024 ஜூலை 19ஆம் தேதி உலகம் முழுக்கப் பார்த்தோமே, கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தோட ஒரு தப்பான அப்டேட்டால 85 லட்சம் விண்டோஸ் கருவிகள் விழுந்தன, நம்ம ஊர் விமான நிலையங்கள்ல போர்டிங் பாஸைக் கையால எழுதிக் கொடுத்தாங்களே, அதே திரைதான். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகள்ல நிறம் கறுப்பாகிடுச்சு. வேலை அதேதான்.

அந்தத் திரையில ஒரு சதவீதக் கணக்கு மெதுவா ஏறுறதைப் பார்த்திருப்பீங்க. அந்த நேரத்துல நடக்கிறது என்னன்னா, ரேம்ல அந்த நொடி என்னென்ன இருந்ததோ அதை விண்டோஸ் அவசர அவசரமா டிஸ்க்ல இருக்கிற பேஜ் ஃபைல்ல எழுதி வைக்கும். மறுபடி ஆன் ஆனதும் அங்கிருந்து எடுத்து ஒரு தனி ஃபைலா மாத்தும். விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள 'மெமரி டாட் டிஎம்பி'ன்னு இருக்கிறது அதுதான். விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் படம் பிடிச்சு வைக்கிற மாதிரின்னு வச்சுக்கோங்க.

இதுல சைஸ் பலவிதம். முழு ரேமையும் எழுதச் சொல்லி வச்சிருந்தா, 16 ஜிபி ரேமுக்கு 16 ஜிபி ஃபைல். விண்டோஸோட மையப் பகுதியை மட்டும் எழுதினா சில நூறு எம்பியில இருந்து சில ஜிபி வரைக்கும் வரும். கூடவே 'மினிடம்ப்'னு ஒரு ஃபோல்டர்ல ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு குட்டி ஃபைல் சேரும். பெரிய ஃபைல் ஒண்ணுதான், அடுத்த விபத்து வந்தா பழையது மேலயே புதுசு எழுதப்படும். குட்டி ஃபைல்கள் தேதி வாரியா சேர்ந்துக்கிட்டே போகும்.

இது போக இன்னொரு வகை உண்டு, எரர் ரிப்போர்ட்ஸ். கம்ப்யூட்டரே விழாம ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் மட்டும் விழுந்தா, அதைப் பத்தின அறிக்கையை விண்டோஸ் தயாரிச்சு மைக்ரோசாஃப்ட்டுக்கு அனுப்பும். அனுப்பினது ஒரு ஃபோல்டர்ல, அனுப்பக் காத்திருக்கிறது இன்னொரு ஃபோல்டர்ல. மன்னவனூர், கூக்கால் பக்கம் சிக்னல் தேடி வீட்டு மாடிக்கு ஏறுறவங்களுக்குப் புரியும், காத்திருக்கிற வரிசை ஏன் நீளுதுன்னு. சாதாரணமா இதெல்லாம் எம்பி கணக்குதான். ஆனா ஏதாவது ஒரு சாஃப்ட்வேர் விழுந்து எழுந்து விழுந்து எழுந்துக்கிட்டே இருந்தா ஜிபி கணக்குக்குப் போயிடும்.

இந்த அறிக்கைகளால பிரயோஜனமே இல்லையான்னு கேட்டா, உண்டு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்துல "சென்ட்", "டோன்ட் சென்ட்"னு ஒரு பெட்டி வருமே, ஞாபகம் இருக்கா? உங்க அண்ணன், அக்காவைக் கேளுங்க. அப்படி வந்து குவிஞ்சதை எண்ணிப் பார்த்துத்தான், ஒரே ஒரு சதவீதப் பிழைகள்தான் மொத்தக் கோளாறுகள்ல பாதிக்குக் காரணம்னு 2002ல ஸ்டீவ் பால்மர் எழுதினார். எதை முதல்ல சரிபண்ணணும்னு அவங்களுக்குத் தெரிஞ்சது இந்தக் குப்பையில இருந்துதான். அனுப்பி முடிச்ச பிறகு உங்க டிஸ்க்ல அது இருக்கணும்னு அவசியம் இல்லை, அவ்ளோதான்.

கரண்ட் போனா டம்ப் வருமா?

நண்பன் ரொம்ப நாளா நம்பிக்கிட்டு இருந்தது இது. மலையில காத்தும் மழையும் சேர்ந்தா மரம் சாயும், லைன் போகும். 2018 நவம்பர்ல கஜா புயல் வந்துட்டுப் போனப்போ கொடைக்கானல் மலைக் கிராமங்கள் இருட்டுல கிடந்ததை அவங்க இன்னும் மறக்கலை. அவன் லேப்டாப்புக்கு பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு. வயர்லதான் உயிர். அதனால கரண்ட் போனா பொசுக்குனு அணைஞ்சிடும். "ஒவ்வொரு தடவை கரண்ட் போறப்பவும் ஒரு எரர் ஃபைல் சேருதுடா, அதான் டிரைவ் நிறையுது"ன்னு சொல்லுவான்.

இல்லை. டம்ப் எழுதணும்னா விண்டோஸுக்குச் சில நொடியாவது வேணும். கரண்ட் போற அந்தக் கணத்துல அதுக்கு ஏது நேரம்? மறுபடி ஆன் பண்ணும்போதுதான், 'முன்னாடி ஒழுங்கா ஷட்டவுன் ஆகலை'ன்னு ஒரு குறிப்பு எழுதிக்கும். ஈவென்ட் வியூவர்ல 'கெர்னல் பவர் 41'னு தெரியும். அதோட சைஸ் ஒண்ணுமே இல்லை. அதனால மினிடம்ப் ஃபோல்டர்ல உண்மையிலேயே ஃபைல்கள் சேர்ந்திருந்தா, பழியை மின்சார வாரியத்து மேல போட முடியாது. டிரைவரோ, ரேமோ, வேற ஏதோ உள்ளுக்குள்ள சரியில்லைன்னு அர்த்தம். பொசுக்குனு அணையுறதால ஃபைல்கள் கெட்டு, பின்னாடி அதனால கிராஷ் வரலாம். அது வேற கதை.

இன்னொண்ணும் சொல்லுவாங்க, 'மலை மேல ஏறினா ஹார்டு டிஸ்க் கெட்டுடும்'னு. பெரும்பாலான ஹார்டு டிஸ்க்குகளை 3,000 மீட்டர் உயரம் வரைக்கும் ஓட்டலாம்னுதான் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுறாங்க. கொடைக்கானல் ஊரு 2,100 மீட்டர் சொச்சம்தான். பயப்படாம வாங்க.

சரி, அழிக்கிறது எப்படி?

எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள புகுந்து, கையால டெலீட் பண்ண வேண்டாம். பக்கத்து ஃபோல்டரைத் தெரியாமத் தொட்டுட்டா லேப்டாப் எழுந்திருக்காது. விண்டோஸே இதுக்கு வழி வச்சிருக்கு.

செட்டிங்ஸ் போங்க. சிஸ்டம், அதுக்குள்ள ஸ்டோரேஜ், அதுக்குள்ள டெம்ப்ரரி ஃபைல்ஸ். ஸ்கேன் முடிய ஒரு நிமிஷம் ஆகும், பொறுங்க. பட்டியல் வந்ததும் முதல் வேலை, ஏற்கெனவே இருக்கிற டிக்கை எல்லாம் எடுத்துடுங்க. ஆமா, எல்லாத்தையும். பூஜ்ஜியத்துல இருந்து ஆரம்பிச்சாத்தான் நீங்க எதைப் போடுறீங்கன்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் ஒவ்வொரு வரியா படிச்சு 'சிஸ்டம் எரர் மெமரி டம்ப் ஃபைல்ஸ்', 'விண்டோஸ் எரர் ரிப்போர்ட்ஸ்'னு தொடங்குற வரி, இது ரெண்டுக்கும் டிக் போடுங்க. பதிப்புக்குப் பதிப்பு பேரு கொஞ்சம் மாறும், 'எரர்'ங்கிற வார்த்தையைப் பிடிச்சுக்கோங்க. ரிமூவ் ஃபைல்ஸ் கொடுத்தா முடிஞ்சது.

பழைய வழியும் இருக்கு. ஸ்டார்ட் மெனுவுல டிஸ்க் க்ளீனப்னு டைப் பண்ணித் திறந்து, சி டிரைவைத் தேர்ந்தெடுத்து, 'க்ளீனப் சிஸ்டம் ஃபைல்ஸ்' பட்டனை அழுத்துங்க. அதை அழுத்தலைன்னா டம்ப் ஃபைல்கள் பட்டியல்லயே வராது. 'எங்க லேப்டாப்ல காட்டவே மாட்டேங்குது'ன்னு சொல்றவங்க பெரும்பாலும் இந்தப் பட்டனை விட்டவங்கதான். அழுத்தியும் வரலைன்னா சந்தோஷப்படுங்க, உங்க லேப்டாப்ல டம்ப் இல்லை.

இப்படி அழிச்சதால விண்டோஸ் ஓடாமப் போகுமா? போகாது. பூட் ஆகவோ, சாஃப்ட்வேர் ஓடவோ இந்த ஃபைல்கள் தேவையே இல்லை. இதுக்காக ரிஜிஸ்ட்ரி க்ளீனர், ஸ்பீடு பூஸ்டர்னு எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டியதும் இல்லை.

டிக் போடறதுக்கு முன்னாடி...

அதே பட்டியல்ல 'டவுன்லோட்ஸ்'னு ஒரு வரி இருக்கும். டெம்ப்ரரி ஃபைல்ஸ்ங்கிற தலைப்புக்குக் கீழ அது ஏன் இருக்குன்னு எனக்கு இன்னிக்கும் ஒப்புதல் இல்லை. வாட்ஸ்அப் வெப்ல இருந்து சேமிச்சது, காலேஜ் ப்ராஜெக்ட், ஹால் டிக்கெட், பட்டா ஸ்கேன்னு நம்ம வாழ்க்கையில பாதி அங்கதான் கிடக்கு. விண்டோஸ் தானா டிக் போடாது. நாமதான் போடுவோம். போட்டா ரீசைக்கிள் பின்னுக்கெல்லாம் போகாது, நேரா போயிடும். அதுவும் எஸ்.எஸ்.டின்னா, அழிச்ச இடத்தை டிரைவே பின்னணியில துடைச்சு வச்சிடும். அதனால பழைய ஹார்டு டிஸ்க்ல ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டு எடுக்கிற மாதிரி இதுல எடுக்கிறது ரொம்பக் கஷ்டம். நண்பனும் நானும் ரெண்டு ராத்திரி முயற்சி பண்ணோம். பேரு மட்டும் வந்தது. உள்ள ஒண்ணும் இல்லை.

'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்'னு ஒரு வரி பத்து, இருபது ஜிபி காட்டி ஆசை காட்டும். பெரிய அப்டேட்டுக்கு அப்புறம் பழைய விண்டோஸுக்குத் திரும்ப இதுதான் வழி. பத்து நாள் கழிச்சு விண்டோஸே அழிச்சிடும். புது அப்டேட் ஒழுங்கா ஓடுதான்னு பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. 'ரீசைக்கிள் பின்' வரிக்கு முன்னாடி ஒரு தடவை பின்னைத் திறந்து பாருங்க. விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள 'வின்எஸ்எக்ஸ்எஸ்'னு பெருசா ஒண்ணு தெரியும், அதைக் கையால தொடவே தொடாதீங்க.

எப்போ அழிக்கக் கூடாது?

நண்பன் பண்ணின ரெண்டாவது தப்பு இதுல இருக்கு. அவன் லேப்டாப்ல வாரத்துக்கு ரெண்டு தடவை நீலத் திரை வந்துக்கிட்டு இருந்தது. காரணம் தெரியலை. காரணம் எழுதி வச்சிருந்த ஒரே இடம் அந்த மினிடம்ப் ஃபைல்கள். இடம் வேணும்னு அதையும் சேர்த்து அழிச்சிட்டான்.

கொடைக்கானல்ல சூரிய ஆய்வகம் பார்த்திருக்கீங்களா? 1899ல தொடங்கினது. சுற்றிப் பார்க்கப் போறவங்க டெலஸ்கோப்பைத்தான் தேடுவாங்க. அங்க பெரிய சொத்தே, 20ஆம் நூற்றாண்டோட தொடக்கத்துல இருந்து சூரியனைப் படம் பிடிச்சுச் சேர்த்து வச்ச கண்ணாடித் தகடுகளும் பிலிம்களும்தான். ஜான் எவர்ஷெட் 1909ல சூரியப் புள்ளிகள்ல வாயு வெளிப்பக்கமா நகர்றதைக் கண்டுபிடிச்சது அங்கதான். அந்தப் பழைய படங்களை இப்போ டிஜிட்டலா மாத்தி, நூறு வருஷத்துச் சூரியனை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டு ஆராய்ச்சி பண்றாங்க. தனியா ஒரு நாள் படத்தைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. வரிசையா வச்சுப் பார்த்தாத்தான் தெரியும்.

மினிடம்ப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான், சின்ன அளவுல. ஒரு கிராஷைப் பார்த்து மெக்கானிக் எதுவும் உறுதியாச் சொல்ல மாட்டார். நாலஞ்சு ஃபைல்லயும் ஒரே டிரைவர் பேரு வந்தா அதுதான் குற்றவாளி. ஒவ்வொண்ணுலயும் வேற வேற பேரு, சம்பந்தமே இல்லாம வந்தா ரேம் மேல சந்தேகம் வரும். அதனால நீலத் திரை அடிக்கடி வர்ற லேப்டாப்னா, கோளாறு தீர்ற வரைக்கும் மினிடம்ப்பைத் தொடாதீங்க. ஒவ்வொண்ணும் வெறும் கேபி, எம்பி கணக்குதான். மொத்த ஃபோல்டரையும் ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுத்துட்டு, அப்புறம் பெரிய மெமரி டம்ப்பை அழிச்சு இடம் பண்ணிக்கோங்க. கிராஷ் வந்து மாசக்கணக்காச்சு, லேப்டாப் சமர்த்தா ஓடுதுன்னா எல்லாத்தையும் அழிக்கலாம்.

காப்பி எடுத்ததை யார்கிட்ட கொடுக்குறீங்கன்னும் பாருங்க. பெரிய டம்ப்ல இருக்கிறது உங்க ரேம். அந்த நேரத்துல நீங்க திறந்து வச்சிருந்த லெட்டர், பாஸ்வேர்டு துண்டுகள், ஹோம்ஸ்டேக்கு வந்தவங்களோட ஆதார் ஸ்கேன், எது வேணும்னாலும் அதுல ஒட்டிக்கிட்டு இருக்கலாம். 2023ல ஹேக்கர்கள் மைக்ரோசாஃப்ட்டோட ஒரு முக்கியச் சாவியைத் திருடினப்போ, ஒரு கிராஷ் டம்ப்ல அது மாட்டியிருக்கலாம்னுதான் அந்த நிறுவனம் முதல்ல கணிச்சது. அப்படி ஒரு டம்ப்பை நாங்க கண்டுபிடிக்கலைன்னு 2024ல திருத்திச் சொன்னாங்க. ஆனா அவ்வளவு பெரிய நிறுவனமே முதல்ல அங்க சந்தேகப்பட்டதுன்னா பார்த்துக்கோங்க. குட்டி மினிடம்ப்பைக் கொடுங்க, பெரிய டம்ப்பை ஊர் பேர் தெரியாதவங்களுக்கு அனுப்பாதீங்க.

திரும்பச் சேராம இருக்க ஒரு செட்டிங் இருக்கு. ஸ்டார்ட்ல 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்'னு தேடித் திறந்து, 'ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி'க்குக் கீழ இருக்கிற செட்டிங்ஸை அழுத்துங்க. அங்க டம்ப் வகையை 'ஸ்மால் மெமரி டம்ப்'னு மாத்துங்க. இனி கிராஷ் வந்தா 256 கேபியில குட்டி ஃபைல் மட்டும் வரும், ஜிபி கணக்குல வராது. 128 ஜிபி ஆட்களுக்கு இது போதும். 'நன்'னு மட்டும் வைக்காதீங்க, அப்புறம் தடயமே கிடைக்காது.

ஃபோன்ல இதே பிரச்னை உண்டான்னு ஒரு கேள்வி வரும். ஆண்ட்ராய்டும் கிராஷ் குறிப்புகளை எழுதி வைக்கும், ஆனா அளவோட வச்சுக்கும், பழசைத் தானே தள்ளிடும், நம்ம கண்ணுலயும் காட்டாது. 'உங்க ஃபோன்ல 4 ஜிபி எரர் குப்பை'ன்னு சிவப்புல கத்துற க்ளீனர் ஆப் பார்த்தீங்கன்னா, அந்த ஆப்பைத்தான் முதல்ல எடுக்கணும்.

நண்பன் கதைக்கு வர்றேன். டிக் எல்லாம் போட்டு முடிச்ச ரெண்டாவது வாரமே மறுபடி நீலத் திரை. இந்தத் தடவை எதையும் தொடாம, நாலு மினிடம்ப் சேர்ற வரைக்கும் காத்திருந்து, பென் டிரைவோட திண்டுக்கல்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு சர்வீஸ் கடைக்கு வந்தான். கடைக்காரர் ஃபைல்களை ஒரு பார்வை பார்த்தார். நாலுலயும் நாலு பேரு. "தம்பி, முன்னாடியும் இப்படி வந்துச்சா? பழைய ஃபைல் வச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டார். நண்பன் என்னைப் பார்த்தான், நான் ஜன்னலைப் பார்த்தேன். ரேம் டெஸ்ட் ஓட விட்டதுல ஒரு ஸ்டிக் போயிருந்தது தெரிஞ்சது. மாத்தினதுக்கு அப்புறம் திரை நீலமாகலை.

பாட்டி வீடியோ? ஒட்டன்சத்திரத்துல இருக்கிற அவன் சித்தி பொண்ணுக்கு அன்னிக்கே வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கான். ஒரு நிமிஷம் பத்து நொடி. வாட்ஸ்அப் சுருக்கினதுல முகம் கொஞ்சம் கலங்கலா இருக்கு, மேளச் சத்தம் மட்டும் தெளிவா கேக்குது. இப்போ அது அவன் ஃபோன்ல, ஒரு பென் டிரைவ்ல, என் லேப்டாப்லயும் இருக்கு. டவுன்லோட்ஸ்ல இல்லை.